பழைய சைக்கிளுக்குப் புது டூல் செட் எதுக்கு?

டவுன் தம்பிங்க சிலர் தாத்தா ஓட்டின ராலே சைக்கிளைத் தூசி தட்டி எடுக்குறாங்க. சந்தோஷம். ஆனா, ஆயிரக்கணக்குல போட்டு டூல் செட் வாங்குறது வீண். அந்தக் காலத்து இங்கிலீஷ் சைக்கிள் நட்டெல்லாம் இஞ்ச் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனர் பலதுல சரியா உட்காராது. வழுக்கி, நட்டு மூலை மழுங்கிடும்.

பழைய இரும்புக் கடையில தேடுங்க. கடையை மூடின மெக்கானிக்கோட ஸ்பேனர் அங்கே எடைக்குக் கிடக்கும். நட்டைக் கையோட கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்க. பழைய ஸ்பேனர்ல போட்டிருக்குற அளவு பெரும்பாலும் போல்ட்டோட தடிமன், வாய் அகலம் இல்ல.

காட்டர் பின் கழட்டத் தனிக் கருவி வேண்டாம். நட்டைப் பின்னோட முனை வரைக்கும் தளர்த்துங்க, மரை நசுங்காது. கிராங்குக்கு அடியில தரையிலிருந்து இரும்புக் குழாய் ஒண்ணை முட்டுக் கொடுங்க, பின்னோட தலை குழாய்க்குள்ள இறங்கணும். அப்புறம் சுத்தியலால ஒரே போடு. முட்டு இல்லாட்டி அடியெல்லாம் உள்ளே இருக்குற பால்ஸ் மேல போகும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க ஊர் சைக்கிள் கடைக்காரர். கருவி எடைக்குக் கிடைக்கும், கைப்பழக்கம் கிடைக்காது. மிச்சமாகுற காசுல பாதியை, இன்னும் கடை வச்சிருக்குற ஒரு பெரியவருக்குக் கொடுத்து, பக்கத்துல நின்னு கத்துக்குங்க.