பந்தும் பிழைப்பும்

கூடைப்பந்து சோறு போடுமா என்று தாய்தந்தையர் வினவுவாராயின், அவ்வினாவை எள்ளி நகையாடுதல் நமக்குத் தகாது. திருப்பூரிலும், அவிநாசி, பல்லடம் முதலிய அயலூர்களிலும் பனியன் தொழிலால் வாழும் குடும்பங்களில் மாலைப்பொழுது விலையுள்ள பொருளாகும். ஒரு ஷிப்டு முடிந்தபின்னும் இருந்து ஒன்றரை ஷிப்டு பார்த்தால்தான் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் சம்பளமும் நேராகும். ஆட்டப் பயிற்சிக்கு உரிய வேளையும் அந்த அரை ஷிப்டேயன்றி வேறன்று. பந்தெடுத்துச் செல்லும் பிள்ளை அன்றைய கூலியில் ஒரு பங்கை விட்டுச் செல்கின்றது என்பதை, களத்தோரம் நின்று கைதட்டும் நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

இவ்வாட்டம் கல்லூரியிலே பிறந்த ஆட்டம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் உள்ளரங்கில் அடைபட்டுக் கிடந்த மாணவர்க்காக, பழக்கூடை இரண்டை உயரத்தில் மாட்டி இதனைத் தொடங்கினார். ஏழை எளியோரும் ஆடத்தக்கது; ஒரு பந்தும் இரு வளையங்களும் போதும். ஆயினும் ஆடிப் பிழைப்பது வேறு காரியம்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அம்மையாரின் வரலாற்றை நோக்குக. 2000-ஆம் ஆண்டு முதல் 2017 வரை அவர் இந்திய மகளிர் அணியில் ஆடினார். 19 வயதிலேயே அதன் தலைமையை ஏற்றார். தென்னக இரயில்வே அவருக்கு உத்தியோகம் அளித்தது. மகப்பேற்றிற்குப்பின் ஆட்டம் முடிந்ததென்று பிறர் கருதும் பருவத்தில் அவர் மீண்டும் பயின்று களம் புகுந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் நம் அணி கஜகஸ்தானை 75-க்கு 73 என்ற கணக்கில் வென்றது. 2021-இல் அரசினர் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கினர்.

பதக்கங்களைப் பாராட்டுவோர் பலர். என் கருத்து அவர் பெற்ற மாதச் சம்பளத்தின்மீது செல்கின்றது. அவர் மீண்டு வந்தது மனவுறுதியால் என்பதில் ஐயமில்லை. எனினும், மீண்டு வருவதற்கு ஓர் உத்தியோகம் காத்திருந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை 2015-இல் அமெரிக்காவின் டல்லாஸ் அணியினர் தெரிந்தெடுத்தபோது நாடே ஆரவாரித்தது. அவரோ அந்நாட்டின் பெருஞ்சங்கமாகிய என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டமும் ஆடாமலே, பின்னர் மல்யுத்தத்தை மேற்கொண்டார். நம் நாட்டில் பந்தாட்டக்காரரை நெடுங்காலம் தாங்கி நிற்பவை இரயில்வேயும் வங்கிகளுமே.

அங்ஙனமாயின் திருப்பூர் முதலாளிமார் செய்யத்தக்கது யாது? உலகத்தின் ஆட்டக்காரர் அணியும் உடைகளை இவ்வூர் தைத்தனுப்புகின்றது. போட்டிகளுக்குக் கோப்பையும் விளம்பரப் பலகையும் கொடுப்போரும் உளர், அது நன்றே. ஆனால் கோப்பை அலமாரியில் இருக்கும். ஆடியவள் மறுநாள் செக்கிங் மேசைக்கோ ஓவர்லாக் இயந்திரத்திற்கோ திரும்பிவிடுவாள். ஆர்டர் குறைந்தால் உள்ளவர்க்கே கூலி கொடுப்பது அரிதாயிருக்க, ஆட்டக்காரரை வைத்துப் போற்றுவது அரசாங்கத்திற்கன்றோ இயலும் என்பர். சிறு கம்பெனிகளைப் பொறுத்தமட்டில் அது மெய்யே. அவர்களிடம் இதனைக் கேட்பது நியாயமன்று. பெரிய நூற்பாலைகளும் ஏற்றுமதி நிலையங்களும் அவ்வாறு கூறுவதை யான் ஒப்பேன்.

ஓர் அணியையே அவர்கள் ஏற்க வேண்டுவதில்லை. ஆடத்தெரிந்த இரண்டு பெண்களை ஒரு ஷிப்டோடு அனுப்பி, விட்டுப்போகும் அரை ஷிப்டுக் கூலியையும் ஓராண்டு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கட்டும். அத்தொகை ஒரு போட்டிக்குத் தாம் செய்யும் செலவினும் மிகுமோ என்பதைத் தம் கணக்குப்பிள்ளையையே கேட்டறியலாம்.