'இல்லை' என்பது பதிலா?

ஜி.எஸ்.டி. வந்த 2017-க்கு முன்பு வாங்கிய கம்ப்யூட்டரில்தான் தொப்பூரில் நாம் இன்னும் பில் போடுகிறோம். சென்ற மாதம் அதன் ரேம் பழுதாகிவிட, பழையதையே மாதிரிக்கு எடுத்துக்கொண்டு சேலம் சென்றோம்.

முதல் கடைப் பையன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் இப்ப வர்றதில்லைங்க, புது செட்டே வாங்கிக்குங்க" என்றான். அடுத்த கடையில் டி.டி.ஆர்.3 கேட்டதற்கு டி.டி.ஆர்.2 கொடுத்தார்கள். இரண்டிலும் 240 பின்கள்தாம்; ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, வோல்ட்டும் வேறு. ஊர் திரும்பி மாட்டிப் பார்த்தால் பொருந்தவில்லை. பஸ் செலவோடு ஒரு நாள் வியாபாரமும் போயிற்று.

மறுமுறை சென்றபோது ஒரு சிறு கடைக்காரர் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "நம்மகிட்ட இல்லை, சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்" என்றார். விற்காத அந்தக் கடையில்தான் இப்போது நாம் பிரிண்டர் ரிப்பன் வாங்குகிறோம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் கடைகளையும் பார்ப்போம். பழைய மோட்டாருக்கு புஷ் கேட்டு வருபவரிடம், குடோனில் சரக்கை வைத்துக்கொண்டே நம் பையன்கள் "இல்லை" என்பதில்லையா? ஆன்லைனில் விலை குறையலாம். விவரம் சொல்ல ஆள் கிடையாது. நமக்கு மிஞ்சியிருக்கும் முதல் அதுவே. வாரம் ஒரு மணி நேரம் பணியாளருக்குச் சரக்கைச் சொல்லிக் கொடுப்போம்.