வசந்தகால மேடையில் மலையகத்துக்கு ஒரு முழு நாள்

நுவரெலியா மாநகர முதல்வர் அவர்களுக்கு,

ஏப்ரல் பிறந்து பாடசாலை பேண்ட் வாத்தியங்கள் வீதியில் இறங்கிவிட்டால் நுவரெலியாவின் முகமே மாறிவிடும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார் பந்தயம், இரவானால் இசைக்குழுக்கள். கொழும்பிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வருகிற இளைஞர்கள் குளிரில் கூடாரம் அடித்து, பைலாவுக்கு ஆடி, விடிந்த பிறகே கண்ணயர்கிறார்கள். பாட்டுக்காக இவ்வளவு தூரம் வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்கள் வரட்டும், இன்னும் அதிகமாக வரட்டும். நான் கேட்பது இதுதான்: இந்தச் சீசனில் ஒரு பகலையும் ஓர் இரவையும் மலையகத்தின் இசைக்கும் கூத்துக்கும் ஒதுக்குங்கள். அதைப் பார்க்க வரும் தோட்டத்துச் சனம் இராத்தங்க இடமும் கொடுங்கள்.

இராத்தங்கும் இடம் இல்லையென்றால் மேடை கொடுத்தும் பயனில்லை. நுவரெலியாவில் இரவு 7 மணிக்கு இசை நிகழ்ச்சி தொடங்கினால், பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வந்த குடும்பம் எப்படி வீடு திரும்பும்? பஸ் இருக்காது. கிடைத்தாலும் பிரதான வீதியில் இறங்கி லயக் குடியிருப்பு வரை இருட்டில் மலையேற வேண்டும். ஆட்டோ பிடித்தால் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். அதனால்தான் விழாவுக்கு மிக அருகில் வாழ்கிறவர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கூடாரம் ஓர் அனுபவம். எங்கள் சனத்துக்கு அது இல்லாமல் அந்த இரவே இல்லை.

திறந்த வெளியில் இரவைக் கழித்துக் கலை பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. மாசி அமாவாசைக்குப் பின் காமன் கூத்துக்காகக் காமன் கம்பம் ஊன்றினால், மன்மதன் எரியும் கடைசி இரவு வரை தோட்டத்துக் காமன் பொட்டலில் யாரும் நேரம் பார்ப்பதில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிழவிகள் உட்கார்ந்திருப்பார்கள், மடியில் பேரப்பிள்ளைகள் தூங்குவார்கள், ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிக்கொண்டு வருவார்கள். அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளும் இப்படி விடிய விடிய நடப்பவைதான். பிரித்தானியர் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து வந்த காலத்தில், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் மனதில் சுமந்து வந்த சொத்து இது. அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அந்த நினைவு அதோடு முடிந்துவிடக் கூடாது.

ஓர் அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். "கலாசார நிகழ்ச்சி" என்ற பெயரில் பிரமுகர் வரும் வரை பதினைந்து நிமிடம் ஆடவிட்டு, அவர் வந்ததும் நிறுத்தச் சொல்வதை எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறோம். காமன் கூத்து விரதத்தோடு சேர்ந்தது, அதற்கென்று காலம் இருக்கிறது. அதை வெட்டிக் கொண்டுவந்து ஏப்ரலில் காட்சிக்கு வைக்க வேண்டாம். எதை ஆடலாம், எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதைக் கூத்து மாஸ்டர்களே முடிவு செய்யட்டும். அர்ச்சுனன் தபசை முழுதாக ஓர் இரவு ஆடச் சொல்லுங்கள். தபசு மரத்தில் அர்ச்சுனன் ஏறும்போது மேடையில் கடிகாரம் பார்க்கிறவர் யாரும் இருக்கக் கூடாது.

கூத்துக்கு அடிக்கும் தப்புப் பறைக்கு நெருப்பு வேண்டும். பனியில் தோல் தளர்ந்துவிடும், காய்ச்சினால்தான் நாதம் ஏறும். மேடையருகே பாதுகாப்பாகத் தீ மூட்ட ஓர் இடம் ஒதுக்குவது சிறிய வேலைதான், ஆனால் கலைஞரை மதிக்கிறவர்களுக்கு மட்டுமே அது ஞாபகம் வரும். ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூட்டியது இந்தத் தப்புதான். அதை அடிப்பவரைச் சாதி சொல்லி ஒதுக்கியதும் இதே மலைதான். சென்னையில் 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு பறையையும் கானாவையும் கித்தாரோடும் டிரம்ஸோடும் ஒரே மேடையில் ஏற்றியபோது ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் திரண்டார்கள். நமது அட்டன், தலவாக்கலைப் பிள்ளைகளும் கீபோர்டும் ரிதம் பேடும் வைத்துக்கொண்டு தோட்டத் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. சொந்தப் பாட்டு வாசிக்க ஒரு மேடைதான் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாக வந்தன. அவற்றுக்கு இன்றைய இசைக்குழுக்கள் மெட்டுப் போடட்டும்.

சத்தம் பற்றி முறைப்பாடு வரும் என்பீர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதியை 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு கட்டுப்படுத்துகிறது. நல்ல தீர்ப்பு, அதை மீறச் சொல்லவில்லை. 10 மணி வரை இசைக்குழுக்கள் வாசிக்கட்டும். அதன் பிறகு கூத்து. மைக் இல்லாமலே பொட்டல் முழுக்கக் கேட்ட குரல்கள் அவை.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் அருணாசலப் பிரதேசத்தின் சீரோ பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். 2012 முதல் அங்கே செப்டெம்பரில் நான்கு நாள் இசை விழா நடக்கிறது. வயல்களுக்கு நடுவே, அபதானி மக்கள் மூங்கிலில் கட்டிய மேடைகளில் வெளியூர் இசைக்குழுக்களும் வடகிழக்கு இசைக்குழுக்களும் வாசிக்கின்றன. வந்தவர்கள் கூடாரங்களில் தங்குகிறார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவும் 1970இல் ஒரு பால் பண்ணையில்தான் தொடங்கியது. அன்று நுழைவுக் கட்டணம் ஒரு பவுண், பண்ணைப் பால் இலவசம். இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவை நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். விழாவால் வருமானம் பெறுகிறவர்கள் இதையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

நிலத்தைப் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் இந்த மலைகளை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். சரிவிலும் ஆற்றோரத்திலும் ஒரு கூடாரம்கூட அடிக்க விடாதீர்கள். ஏப்ரலில் பிற்பகல் மழை இடியோடு கொட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சரியென்று சொன்ன சமதளம் மட்டும் போதும். அங்கே பெண்களுக்குத் தனியாக, வெளிச்சமுள்ள மலசலகூடங்கள் வேண்டும். குடிநீரும், சுடச்சுடத் தேநீரும், மழைக்கு ஒதுங்க ஒரு பெரிய தகரக் கொட்டகையும் வேண்டும். அடையாள அட்டை காட்டும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குக் கட்டணம் வாங்க வேண்டாம். குப்பை ஒன்றும் கிரெகரி வாவிக்குப் போகக் கூடாது.

கூலி விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொழும்பிலிருந்து வரும் இசைக்குழுவுக்கு ஒப்பந்தமும் முற்பணமும், தப்புக் கலைஞருக்குப் பொன்னாடையும் சாப்பாட்டுப் பார்சலும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கூத்துக்காக அவர் இழக்கிற வேலைநாட்களையும் ஒத்திகை நாட்களையும் கணக்கில் எடுத்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, நிகழ்ச்சி முடிந்த அன்றே பணம் கொடுங்கள்.

இது பெரிய செலவில்லை. மேடையும் வெளிச்சமும் சீசனுக்காக எப்படியும் வரப்போகின்றன. அடுத்த சீசனுக்கான முதல் ஆலோசனைக் கூட்டத்துக்கு அட்டன், தலவாக்கலை, இராகலை, கந்தப்பளைப் பக்கங்களிலிருந்து கூத்து மாஸ்டர்களையும் தப்புக் கலைஞர்களையும் இசைக்குழுப் பிள்ளைகளையும் அழையுங்கள். திகதியை அவர்களோடு பேசிக் குறியுங்கள். அந்தத் திகதியைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, ஒவ்வொரு தோட்டத்தின் பெரட்டுக்களத்திலும் ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மலையகத்திலிருந்து ஓர் இரசிகன்