ஒட்டகப் பாலைப் பச்சையாக அருந்தலாமா?

உம்ராவுக்குச் செல்பவர்களும் வளைகுடா நாடுகளில் தொழில் புரிபவர்களும் ஒட்டகப் பால் அருந்துவது புதிதல்ல. ஆனால், "காய்ச்சினால் மருத்துவக் குணம் போய்விடும், கறந்த சூட்டோடு பச்சையாகவே குடிக்க வேண்டும்" என்று சமூக வலைத்தளங்களில் பரவும் கருத்தைப் பலரும் அப்படியே நம்பிவிடுகின்றனர். இதில் பாதி உண்மை, மறுபாதி ஆபத்து.

கிருமிகளை எதிர்க்கும் பொருட்கள் பாலில் இயற்கையாகவே உள்ளன என்பது உண்மை. லக்டோபெரின் என்ற புரதம், பக்டீரியாக்கள் வளரத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. லைசோசைம் என்ற நொதியம் அவற்றின் கலச்சுவரைச் சிதைக்கிறது. பசும்பாலை விட ஒட்டகப் பாலில் லைசோசைம் அதிகம் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்த விடயமே. அதிக வெப்பத்தில் இவற்றின் வீரியம் குறைவதும் உண்மைதான்.

ஆனால், இப்பொருட்களால் பாலில் உள்ள எல்லாக் கிருமிகளையும் அழித்துவிட முடியாது. லக்டோபெரொக்சிடேஸ் என்ற மற்றொரு நொதியத்தைத் தூண்டி, குளிரூட்டல் வசதியில்லாத இடங்களில் பால் பழுதாவதைத் தாமதப்படுத்தும் முறைக்கு 1991இல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வழிகாட்டல் வெளியிட்டது. அம்முறை கூட சில மணித்தியால அவகாசத்தையே தருகிறது. அதன் பின்னரும் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கியே ஆக வேண்டும்.

புரூசெல்லா பக்டீரியா இதற்குத் தெளிவான உதாரணம். தொற்றுள்ள ஒட்டகம், ஆடு, மாடுகளின் பச்சைப் பால் வழியாக அது மனிதருக்குத் தொற்றுகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, வியர்வை என்று வாரக்கணக்கில் வாட்டும் இந்நோய்க்குப் பல வாரங்கள் மருந்தெடுக்க வேண்டும். 2012இல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட மேர்ஸ் ஒரு வைரஸ் நோய். உறுதிப்படுத்தப்பட்ட நோயாளர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒட்டகங்களிலிருந்து அது பரவுவதால், பச்சை ஒட்டகப் பாலைத் தவிர்க்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் அறிவுறுத்துகிறது.

காய்ச்சிய பாலிலும் புரதமும் கல்சியமும் இருக்கவே செய்கின்றன. சிறிது லைசோசைமைக் காப்பாற்றுவதற்காக உடல்நலத்தைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமல்ல. எனவே, பயணக் குழுக்களை அழைத்துச் செல்வோர் புறப்படும் முன்பே இதைத் தெளிவுபடுத்த வேண்டும். நாடு திரும்பிய பின் காய்ச்சல் நீடித்தால், பச்சைப் பால் அருந்தியதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நோயைச் சரியாக இனங்காண அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.