கையோடு போகும் இணையமா, வீட்டோடு இருக்கும் இணையமா?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எமது பிள்ளைகளின் படிப்பு கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. பாடசாலைகள் மீண்டும் திறந்து வருடங்கள் சென்றுவிட்டன. ஆனாலும் அந்தப் படிப்பு முழுதாக வெளியே வரவில்லை. பயிற்சித் தாள்கள் வட்ஸ்அப்பில் வருகின்றன, மாலை வகுப்புகள் சூமில் நடக்கின்றன. ஆகவே, "வீட்டுக்கு லைன் எடுப்பதா, சிம்மோடு சமாளிப்பதா?" என்ற கேள்வியைக் கமக்காரக் குடும்பங்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கிறோம்.

விளம்பரங்கள் வேகத்தைப் பற்றியே பேசுகின்றன. இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு வேகம் முதற்கேள்வி அல்ல என்பதே எமது கருத்து. முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. நாம் குடியிருக்கும் காணி யாருடையது? பகல் முழுவதும் வீட்டுத் தொலைபேசி யாருடைய கையில் இருக்கிறது?

காணியை முதலில் பார்ப்போம். கம்பி வழியாகவோ பைபர் வழியாகவோ வரும் இணைப்பு ஒரு முகவரிக்கு உரியது. அதற்கு இணைப்புக் கட்டணம் உண்டு, பெரும்பாலும் குறித்த காலத்துக்கு ஒப்பந்தமும் உண்டு. இடையில் வீடு மாறினால் செலவு எம்மோடு வரும், இணைப்பு வராது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்களுள் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவை இருக்கின்றன. உறவினர் வளவிலோ வாடகைக் காணியிலோ இருப்பவர் அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று எப்படிச் சொல்வார்?

இந்தத் தவறை நாமே செய்தோம். வாடகை வீடொன்றில் பயிற்சி நிலையம் நடத்தியபோது நிலையான இணைப்பொன்றை எடுத்தோம். சில மாதங்களில் உரிமையாளர் வீட்டைத் திருப்பிக் கேட்டார். நாம் வேறு கிராமத்துக்குப் போனோம். அங்கே அந்த இணைப்பு கிடையாது. மீதி மாதங்களுக்கான பணத்தையும் கட்டினோம். பத்திரத்தின் பின்பக்கத்தைப் படித்தவர்களாகிய நாமே வாசிக்கவில்லை!

இரண்டாவது கேள்வி அதைவிடக் கனமானது. அநேக வீடுகளில் இணையம் உள்ள தொலைபேசி ஒன்றுதான். விடியற்காலை தகப்பன் தோட்டத்துக்கு இறைக்கப் போகும்போது அது அவருடைய சட்டைப்பையில் போகிறது. சந்தை விலை கேட்க, உழவு இயந்திரக்காரரை அழைக்க அது அவருக்குத் தேவை. அதில் குற்றமில்லை. ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளின் வகுப்பும் அதே சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. தகப்பன் வரும் வரை அவள் காத்திருக்கிறாள். அவர் வந்ததும் பற்றறி முடிந்திருக்கும், அல்லது டேட்டா முடிந்திருக்கும். வீட்டில் நிற்கும் இணைப்பின் உண்மையான பெறுமதி இதுதான். அது தாய்க்கும் பிள்ளைகளுக்கும் உரியதாக வீட்டிலேயே தங்குகிறது. அதைப் பயன்படுத்த வீட்டில் இன்னொரு கருவியும் வேண்டும். பழையதாயினும் போதும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. சிம் போட்டு இயங்கும் 4ஜி ரவுட்டர் ஒன்றை வீட்டில் வைக்கலாம். அது தோட்டத்துக்குப் போகாது, இடம்பெயர்ந்தால் எம்மோடு வரும். சில ரவுட்டர்கள் பதிவு செய்த இடத்தில் மட்டுமே வேலை செய்யும். ஆகையால் வாங்கும்போதே அதைக் கேட்க வேண்டும். தகரக் கூரையும் அடர்ந்த மரங்களும் அலையைக் குறைக்கும். கோபுரம் உள்ள பக்கத்து யன்னலில் உயரமாக வைப்பது நல்லது. ஒரே கோபுரத்தைப் பலர் பங்குபோடுவதால் மாலை ஏழு, எட்டு மணிக்கு வேகம் குறையும். அயல் வீட்டார் எந்த சிம் பாவிக்கிறார்கள், அந்த நேரத்தில் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டறிவது விளம்பரத்தை நம்புவதிலும் மேல்.

அடுத்தது கணக்கு. ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்கு, படத்தின் தெளிவைப் பொறுத்து, ஏறக்குறைய அரை ஜிபி முதல் ஒரு ஜிபிக்கு மேலும் செலவாகும். இரு பிள்ளைகள் மாதத்தில் 25 நாட்கள் ஒவ்வொரு மணி நேரம் படித்தால் 25 முதல் 50 ஜிபிக்கு மேலும் தேவைப்படலாம். சிறு சிறு றீலோட்டாக இதை வாங்குவது, அரிசியைச் சுண்டுக் கணக்கில் கடனுக்கு வாங்குவது போன்றது. வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரு மாதம் போடும் றீலோட்டைக் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பிறகு மாதாந்தப் பொதியின் விலையோடு ஒப்பிடுங்கள். பெறுமதி சேர் வரி 2024 சனவரியில் 18 வீதமாக உயர்ந்தது. எனவே வரிகள் சேர்ந்த விலையையே கேளுங்கள். சில பொதிகளில் பாதி டேட்டா நள்ளிரவுக்குப் பின் மட்டுமே பாவிக்கக்கூடியது. தூங்கும் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. 2022 இல் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தோம். மின்சாரம் நின்றால் வீட்டு ரவுட்டர் உடனே நிற்கும். தொலைபேசியோ தன் பற்றறியில், கோபுரம் உயிரோடிருக்கும் வரை இயங்கும். ஆகையால் நிலையான இணைப்பு எடுத்தவரும் அவசரத்துக்கு ஒரு சிம் வைத்திருக்க வேண்டும்.

எமது முடிவு இதுவே. காணி நிச்சயமில்லாதவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். எடுத்துச் செல்லக்கூடிய ரவுட்டரே அவர்களுக்குப் பொருத்தம். அனுமதிப்பத்திரமோ உறுதியோ கையில் இருந்து, படிக்கும் பிள்ளைகளும் இருந்து, பைபரும் வாசலுக்கு வந்திருந்தால் தயங்காமல் எடுக்கலாம். இரண்டுக்கும் வசதியில்லாத இடங்களில் மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ பொதுமண்டபத்தில் ஓர் இணைப்பை எடுத்து, மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்து விடலாம்.

நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கிறோம். இடம்பெயர்வு எமது மக்கள் விரும்பித் தேடியதல்ல. அதற்காக அவர்களிடம் தண்டப்பணம் அறவிடாதீர்கள்.

இன்றிரவு குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அந்தப் பேச்சில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எத்தனை மணிக்குத் தேவை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.