மகமையும் சங்கமும்

உரிமை கேட்கத் தோன்றிய சங்கம் தன் நோக்கத்தினின்று விலகுவது ஒரே நாளில் நிகழ்வதன்று. அதனை ஆராய்வார்க்குச் சிவகாசி, விருதுநகர் நாடார் பெருமக்களின் வரலாறு நல்ல சான்றாகும்.

வழிப்பறிக்கு அஞ்சிய வண்டிப் பாதைகளில், அவ்வணிகர் பேட்டைகள் அமைத்துச் சரக்கையும் மாட்டையும் காத்தனர். அச்செலவிற்கென ஒவ்வொருவரும் தம் வாணிகத்தில் ஒரு சிறு பகுதி ஈந்தனர், அதுவே மகமை. அச்சம் தணிந்த பின்னரும் உறவின்முறையார் அதனைக் கைவிட்டாரல்லர். 1880களிலேயே அப்பொருள் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையாக எழுந்தது. வண்டிக்குக் காவலாயிருந்த காசு பிள்ளைகளுக்கு எழுத்தாயிற்று. இதனையும் விலகல் என்று இகழ்வார் உளரேல், அவரோடு நாம் உடன்படோம்.

கோயிற் கதவின் கதை வேறு. நாடார் கோயிலுட் புகும் உரிமை வேண்டியதனாலெழுந்த பகையே, 1899 ஜூன் 6இல் சிவகாசியில் கலகமாய் மூண்டு வீடுகளை எரித்தது. கமுதிக் கோயில் வழக்கோ இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் தோற்றது. ஈராண்டு கழித்துப் பொறையாற்றில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. ஆயினும், அந்நாளில் ஓங்கி ஒலித்த வாதம் யாது? தாம் க்ஷத்திரியர், ஆதலின் தமக்குத் திறக்கவேண்டும் என்பதேயன்றி, யாவர்க்கும் திறக்கவேண்டும் என்பதன்று. குறை முளையிலேயே இருந்தது போலும்! 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஆதிதிராவிடர் ஐவரும் நாடார் ஒருவரும் ஒருங்கே நுழைந்தபோதுதான் அவ்வாதம் விரிந்தது.

விரிந்தது நிலைத்ததா? தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழன்ற சிவகாசிச் சிறார் பொருட்டு உச்சநீதிமன்றம் சென்றவர் எம். சி. மேத்தா என்னும் தில்லி வழக்கறிஞர். சட்டத்தை மீறிச் சிறாரை அமர்த்திய முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்துக என்று 1996 டிசம்பர் 10இல் தீர்ப்பாயிற்று. மூடிய கதவின் முன் நின்றறிந்த ஊர் இது. பிள்ளைகளுக்கெனப் பள்ளி எடுத்த நாடு இது. இங்கிருந்து எழவேண்டிய வழக்கைத் தொலைவிலிருந்து ஒருவர் தொடுக்க நேர்ந்ததே என்பதுதான் நம்மை உறுத்துகின்றது.

இன்று எச்சாதிச் சங்க மாநாட்டிற்குச் சென்றாலும் தொகுதிப் பங்கீட்டைப் பற்றிய முழக்கமே செவியில் விழுகின்றது. மருந்தறையில் கரிந்த தொழிலாளியின் வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் பயில்கின்றது என்று, அம்மேடைகளில் ஒருவரேனும் வினவக் கேட்க விழைகின்றோம்.