வரம்பு வண்டிக்கு, தண்டனை உரிமத்துக்கு

அமெரிக்காவில் கனரக லாரி ஓட்டுபவரின் 100 மி.லி. ரத்தத்தில் 40 மி.கி. ஆல்கஹால் இருந்தாலே குற்றம். அவரே விடுமுறை நாளில் சொந்தக் காரை ஓட்டினால் வரம்பு 80 மி.கி. (யூட்டா மாநிலத்தில் மட்டும் 50). கடுமையான வரம்பு லாரியோடு நின்றுவிடுகிறது. ஓட்டுநரோடு வீட்டுக்கு வருவதில்லை.

தண்டனையோ வீடுவரை வருகிறது. 1999-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அடுத்து, சொந்தக் காரில் குடித்துவிட்டு ஓட்டியதற்கும் வணிக வாகன உரிமம் ஓராண்டுக்குப் பறிபோகிறது. மறுமுறை பிடிபட்டால் ஆயுளுக்கும். பத்தாண்டுகளுக்குப் பின் மாநிலங்கள் விரும்பினால் மீட்டுத் தரலாம், அவ்வளவே. வேலைக்குச் சென்றுவர மற்றவர்களுக்குக் கிடைக்கும் சலுகை உரிமத்தைக் கொண்டு இவர் லாரி ஓட்ட முடியாது. தீர்ப்பைத் தள்ளிவைத்துக் குற்றத்தைப் பதிவேட்டில் ஏறாமல் காக்கும் வழியையும் மத்திய அரசின் விதி அடைத்துவிட்டது.

அதே குற்றம் செய்த அலுவலக ஊழியர் தண்டனைக் காலத்திலும் தன் மேசைக்குத் திரும்பிவிடுகிறார். ஆகவே இது பாரபட்சம் என்னும் வாதத்தை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். ஆயினும், 36 டன் எடையைச் சாலையில் செலுத்துபவரிடம் கூடுதல் பொறுப்பை எதிர்பார்ப்பது தவறில்லை. எனக்கு உறுத்துவது வேறு: தொழிலையே பறிக்கும் சட்டம், காரில் அமரும்போது 80 வரை தாராளமாக இருப்பானேன்? உரிமம் பெறும் நாளிலேயே, எந்த வண்டியானாலும் உனக்கு 40தான் என்று சொல்லிவிடலாம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் இந்தக் குழப்பம் இல்லை. ஸ்கூட்டருக்கும் லாரிக்கும் அது ஒரே அளவைத்தான் வைத்திருக்கிறது: 30 மி.கி.